பெயரை அழித்தேன், குரல் காட்டிக் கொடுத்தது

ஒரு மாதம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காபிச் செடிகளுக்கு நடுவே பனியில் நின்றுகொண்டு, நான்கே நொடியில் முட்டாளானேன்.

நான்கு என்பது உத்தேசக் கணக்கு இல்லை. பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள் நான் என்பது இந்தப் பக்கத்தை வாரா வாரம் வாசிக்கும் உங்களுக்குத் தெரியாதா என்ன? கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில், சேலத்துக்குப் பாதி மலை இறங்கிய பஸ்ஸிலிருந்து குதித்து வீடு திரும்பியவள்தானே!

மூன்று மாதமாக ஓர் ஆய்வுக் குழுவில் பகுதி நேர வேலை பார்க்கிறேன். இசைத் தொழிலைப் பற்றிய ஆய்வு. பாட்டை உருவாக்குகிறவர்களில் பெயர் வெளியே தெரியாதவர்கள் யார், அந்தப் பாட்டைக் கேட்கிறவர்கள் யார் — இரண்டு பக்கமும் விசாரிக்க வேண்டும். மலை மேலும் மலைக்குக் கீழும் ஆட்களைத் தேடிப்போய், ஆய்வு எதற்கு என்று விளக்கி, சம்மதக் கையெழுத்து வாங்கி, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்து, தட்டச்சு செய்து, பெயரை அழித்துவிட்டு அனுப்ப வேண்டியது என் பொறுப்பு. மகள் எல்கேஜி போய்விட்டு வருவதற்குள் முடிகிற வேலை என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

சேர்ந்த அன்றே ஒரு விதிமுறைப் புத்தகம் கொடுத்தார்கள். பங்கேற்பவரின் அந்தரங்கத்தை எப்படிக் காப்பது என்று பக்கம் பக்கமாக இருந்தது. மூன்று முறை படித்தேன். ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டேன். அப்படிப் படித்தவள் எப்படித் தப்புச் செய்வாள்?

முதல் நாளே செய்தாள்.

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் எஸ்டேட். காலையில் வருகைக் கணக்கு எழுதும் ரைட்டர் பெயர் கூப்பிட்டு, யார் எந்தப் பக்கம் பறிக்கப் போக வேண்டும் என்று ஆளைப் பிரித்துவிடும் இடத்துக்குப் போனேன். வேலை செய்துகொண்டே போனில் பாட்டுக் கேட்கிறவர்களிடம், என்ன பாட்டு, எந்த ஆப், எந்த நேரம் என்று கேட்க வேண்டும். ரைட்டர் நல்ல மனிதர். "நீங்க எதுக்குங்க மேடம் கஷ்டப்படறீங்க, நான் பாத்துக்கறேன்" என்று என் பேப்பர்களை வாங்கி, பெயர் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பத்தே நிமிடம். பன்னிரண்டு கையெழுத்து! பெருமை தாங்காமல் போட்டோ எடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன்.

கடைசியாகக் கையெழுத்துப் போட்ட பெண் பேனாவை மூடிக் கொடுத்தபடி என்னிடம் கேட்டார். "ஏனுங்க மேடம், இன்னைக்கு மேக்காடா, கீக்காடா? எந்தப் பக்கம் பறிக்கோணும்?"

அவர் என் ஆய்வுக்குச் சம்மதம் தரவில்லை. அன்றைய வேலைக்கு ஆஜர் சொல்லியிருக்கிறார்! பன்னிரண்டு பேரும்தான். ரைட்டர் கூப்பிட்டுப் பெயர் வந்தால் கையெழுத்துப் போட வேண்டும் — வேலைக்கு வந்த நாளிலிருந்து பழக்கம். அந்த இடத்தில் நின்றுகொண்டு 'இஷ்டமில்லீங்க' என்று யார் சொல்வார்கள்?

பன்னிரண்டு பேப்பரையும் கிழித்தேன். குழுவில் திட்டு. பரவாயில்லை, இனி ரைட்டர் இல்லாத நேரம் பார்த்து நானே விளக்குவேன் என்று முடிவு செய்தேன்.

இதற்கு நடுவில்தான் அக்கா கிடைத்தார்.

அக்கா என்றதும் என்னைவிட மூத்தவர் என்று நினைக்க வேண்டாம். இங்கே யாரும் யாருக்கும் அக்காதான். அவருக்கு என்ன ஊர், என்ன வேலை, வீட்டில் யார் யார் — எதையும் சொல்ல மாட்டேன். மலையில் எங்கோ இருக்கிறார். கீழே ஒரு ஸ்டுடியோவிலிருந்து அவ்வப்போது போன் வரும். பஸ் பிடித்து இறங்குவார். புதுப் பாட்டுக்கு டிராக் பாடிக் கொடுத்துவிட்டு ஏறிவிடுவார்.

டிராக் என்றால்? பெரிய பாடகர் வந்து பாடுவதற்கு முன், மெட்டு எப்படிப் போகிறது என்று காட்ட வேறொருவர் முழுப் பாட்டையும் பாடிப் பதிவு செய்வது. பெரியவர் அதைக் கேட்டுவிட்டுப் பாடுவார். அப்புறம் முதல் குரல் அழிக்கப்படும். பாடியவர் வெளியே மூச்சு விடக் கூடாது. விட்டால் அடுத்த போன் வராது.

"வருத்தமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க வருத்தம்?" என்றார். "அந்தப் பாட்டு பஸ்ஸுல ஓடும். நான் ஜன்னல் ஓரமா உக்காந்து கேப்பேன். அவுங்க நொம்ப நல்லாத்தான் பாடியிருப்பாங்க. ஆனா ஒண்ணுங்க மேடம்... நான் எங்க மூச்சு விட்டனோ, அங்கதான் அவுங்களும் விடுவாங்க. நான் விட்ட மூச்சு அது. அதை யாரும் அழிக்க முடியலீங்களே!"

நாமெல்லாம் எத்தனை பாட்டுக் கேட்டிருக்கிறோம்... ஒரு மூச்சையாவது கவனித்திருக்கிறோமா?

அக்கா முக்கால் மணி நேரம் பேசினார். நடுநடுவே இரண்டு வரி பாடியும் காட்டினார். "உங்க பேரு எங்கேயும் வராதுக்கா, யாருக்கும் தெரியாது" என்று அடித்துச் சொன்னேன். பேப்பரை முழுதும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து பெயரை அழித்து 'பங்கேற்பாளர் ஏழு' என்று போட்டு, குரல் பதிவையும் சேர்த்து அனுப்பினேன். பேராசிரியருக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது. ஆய்வின் முதல் கூட்டத்தில் அதிலிருந்து மூன்று நிமிடம் போட்டுக் காட்டலாம் என்றார். ஸ்டுடியோக்காரர்கள், மெல்லிசைக் குழு நடத்துகிறவர்கள் எல்லாரும் வரப்போகிற கூட்டம். நானும் 'சரிங்க மேடம்' என்றேன். பெயர்தான் இல்லையே!

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

எஸ்டேட் பெண்கள் டீ குடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தடி தள்ளி இருந்தவர் தெரியாத அளவுக்குப் பனி. ஒருத்தி மட்டும் என் பேப்பரை நம்பாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். "நான் என்ன பாட்டுக் கேக்கறேன்னு எங்க மாமியாளுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதானுங்க. அது, நான் கேக்கறது பக்திப் பாட்டுன்னு நெனைச்சுட்டு இருக்குது."

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அவள் பயத்தைப் போக்க நினைத்தேன். இந்த ஆய்வில் யாரையும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நிரூபித்துக் காட்டிவிட்டால்?

என்னிடம் ஒரு மாதிரிப் பதிவு இருந்தது. மாரமங்கலத்தில் பேண்ட் செட் வைத்திருக்கும் சின்னசாமி அண்ணன் பேசியது. 'எங்க வேணும்னாலும் போட்டுக் காட்டுங்க, ஊரே கேக்கட்டும்' என்று எழுதியே கொடுத்தவர். ஆனாலும் அவர் பெயரை வெட்டியிருந்தேன். போதாது என்று ஓர் ஆப் வைத்துக் குரலையும் தடிமனாக்கியிருந்தேன். போனை நடுவில் வைத்துப் போட்டேன்.

ஓர் இருமல். "அதாகப்பட்டதுங்க..."

"சின்னசாமி அண்ணனுங்க!" என்றது பனிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"டிரம்ஸ் அடிக்குமே, மாரமங்கலத்துக்காரரு" என்றது இன்னொன்று.

"ஏனுங்க, அண்ணனுக்குச் சளி புடிச்சிருக்குதா? தொண்டை கட்டியிருக்குதே!"

நான்கு நொடி.

பதிவு ஓடிக்கொண்டேயிருந்தது. அவர்களோ நிறுத்துவதாக இல்லை. "பின்னால ஹாரன் கேக்குது பாருங்க, குப்பனூர் வழியா வர்ற பஸ்ஸு. காலைல பேசியிருக்காரு." "டீக்கடை வாசல்லதான். அந்தக் கிளாஸு கழுவற சத்தம் தெரியலீங்களா?" மாமியாருக்குப் பயந்தவள் எல்லாவற்றுக்கும் மேலே போனாள். "அண்ணன் வெத்தலை போட்டிருக்குது. நாக்கு தடிச்சு வருது."

"எப்படிங்க?" என்று மட்டும்தான் எனக்குக் கேட்க வந்தது.

"இதென்னங்க பெரிய விசயம்?" என்று அவர்களுக்கு ஆச்சரியம். பறிப்புக் காலத்தில் பனி இறங்கிவிட்டால் அடுத்த வரிசையில் இருப்பவர் தெரியாது. யார் மேலே ஏறிவிட்டார், யார் பின்தங்கினார், யாருக்குக் கால் வழுக்கியது — எல்லாம் காதில்தான். ஒருவர் இருமினால் பெயர் தெரியும். செடியை ஒதுக்கி விடுகிற சத்தத்தில்கூட ஆள் தெரியுமாம். நாம் முகம் பார்த்து ஆளைச் சொல்வதுபோல இவர்கள் குரல் கேட்டுச் சொல்கிறார்கள். வருடம் முழுக்க இதே பனியில் நானும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் துணி காயாது என்பதுதான்!

பிரமிப்பு அடங்குவதற்குள் நினைவு வந்தது. அக்கா!

இந்தப் பெண்களுக்கே நான்கு நொடி போதும் என்றால், குரலைக் கேட்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஸ்டுடியோக்காரர்களுக்கு? அந்தக் கூட்டத்தில் மூன்று நிமிடம் ஓடப்போகிறது. பாடிய இரண்டு வரியும் சேர்த்து. நான் பெயரை அழித்துவிட்டு, முகத்தைப் பெரிதாக அச்சடித்து அனுப்பியிருக்கிறேன்.

பேராசிரியருக்குப் போன் போட்டேன். "பெயர்தான் இல்லையேம்மா?" என்றார். பனிக்குள் நடந்ததை முழுதும் சொன்னேன். பிறகு மெதுவாக, "சரி, அந்தப் பதிவை அழித்துவிடுகிறேன்" என்றார்.

'நன்றி மேடம்' என்று வைத்திருக்க வேண்டியதுதானே? பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சுப் பேசியே பழக்கமில்லை எனக்கு. ஆனால் என் வாய் சொன்னது — "நான் பார்க்கும்போது அழிக்கிறீங்களா மேடம்?"

வீடியோ காலில் அழித்துக் காட்டினார். பிரதி வைத்திருந்த இரண்டு மாணவர்களையும் அழைத்து அழிக்கச் சொன்னார். கோபப்படவில்லை.

அடுத்தது அக்காவிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் என்ன, அதுதான் அழித்தாயிற்றே என்று ஒரு மனசு. சொல்லாமல் விட்டால் தூங்குவாயா என்று இன்னொரு மனசு. போனேன். தலையைக் குனிந்துகொண்டு ஒப்பித்தேன்.

அக்கா முழுதையும் கேட்டார். பிறகு, "அந்த ரூமுக்குள்ள என் குரல் கேட்டுருந்தா, மறுபடி போன் வந்திருக்காதுங்க மேடம்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

"அன்னைக்குக் கடைசியா ஒரு வரி படிச்சீங்களே" என்றார் பிறகு. "எந்த நேரத்திலும், எந்தக் கா... காரணமும் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம். அப்படித்தானுங்களே?"

நான் அன்று திக்கிய இடத்தில் திக்கி, நான் அவசரப்பட்ட இடத்தில் அவசரப்பட்டு, அப்படியே! விளம்பரத்துக்குக் கடைசியில் நிபந்தனைகளை வேகமாக ஓட்டுவார்களே, அந்த மாதிரி வாசித்திருக்கிறேன் போலிருக்கிறது. வாசித்த எனக்கு நினைவில்லை. ஒரே ஒரு முறை காதில் வாங்கியவரிடம் பத்திரமாக இருந்தது.

"விலகிக்கிறீங்களாக்கா?" என்றேன்.

"குரலை எடுத்துக்கறேனுங்க. பேசினது இருக்கட்டும். எங்காச்சும் ஒரு எடத்துல அது இருக்கோணும். ஆனா நான் பேசக் கூடாது." கொஞ்சம் யோசித்தார். "நீங்க படிங்க."

"நானா?"

"ஆமாங்க. ஊருக்கெல்லாம் நான் டிராக் பாடறேன். எனக்கு ஒருத்தரு பாடக் கூடாதுங்களா?" என்று சொல்லிவிட்டு, முதல்முறையாகச் சிரித்தார்.

அங்கேயே ஒத்திகை. அவர் சொன்னதை எழுதியிருந்த தாளிலிருந்து முதலில் ஆளைக் காட்டுகிற இடங்களையெல்லாம் அடிக்கச் சொன்னார். அவர் பேசியதை எத்தனையோ முறை கேட்டுத் தட்டச்சு செய்தவள் நான். எங்கே நிறுத்தினார், எங்கே இழுத்தார் என்று மனப்பாடம். அவருக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்து அப்படியே வாசித்தேன்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கையைக் காட்டினார். "அந்த எடத்துல மூச்சு விடாதீங்க மேடம்."

"நீங்க அங்கதானேக்கா விட்டீங்க?"

"அதனாலதானுங்க சொல்றேன்! கேக்கறவங்க கண்டுபுடிச்சிருவாங்க. வார்த்தைக்கு நடுவுல விடுங்க. இங்க... இங்க விடுங்க. அந்த 'ஆனா ஒண்ணுங்க'வை இழுக்காதீங்க, அது நானு. ஆ, இப்ப அசிங்கமா இருக்குது. நொம்ப நல்லாருக்குது!"

ஒரு மணி நேரம் இப்படி. தன் குரலில் எதெல்லாம் தன்னுடையது என்று ஒன்றுவிடாமல் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கிறார். சேலையிலிருந்து ஜரிகையை மட்டும் நூல் நூலாக உருவுகிற மாதிரி. தன்னை இவ்வளவு துல்லியமாக அறிந்த ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெயர், முகவரி, போன் நம்பர் — இவைதான் ஒருவரின் சொந்த விவரங்கள் என்று அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். மூச்சுவிடும் இடத்தைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது திடீரென்று உறைத்தது. அதற்கு மூன்று வாரம் முன்புதான் இதே பக்கத்தில் மகளின் பெயரைப் போட்டு, அவள் படுக்கையை நனைத்த கதையை எழுதினேனே... அவளைக் கேட்டேனா? நீங்கள் ரசித்ததாகக் கடிதமெல்லாம் வந்தது. அவள் பத்தாவது படிக்கும்போது அந்தப் பக்கம் யார் கையிலாவது கிடைத்தால்? அன்று சாயங்காலம் உட்கார வைத்து, "உன்னைப் பத்தி எழுதட்டுமா சாமி?" என்றேன். வெகுநேரம் யோசித்தாள். "பெட் கதை வேண்டாம். டான்ஸ் கதை எழுதிக்கோ" என்றாள். இவ்வளவு தெளிவாகப் பதில் வைத்திருந்த ஆளிடம் நான்கு வருடமாக நான் கேட்கவே இல்லை.

கூட்டம் கீழே ஒரு கல்லூரி அரங்கில் நடந்தது. முன்வரிசையிலேயே அக்காவைக் கூப்பிடும் ஸ்டுடியோக்காரர் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைத் தெரியும், அவருக்கு என்னைத் தெரியாது. 'பங்கேற்பாளர் ஏழு சொன்னது' என்று ஆரம்பித்தேன். மூச்சு விடக் கூடாத இடத்திலெல்லாம் விட்டேன். ஒரு வார்த்தையை இரண்டாக உடைத்தேன். அந்த மூச்சு வரி வந்தபோது ஸ்டுடியோக்காரர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் இதயம் மைக்கில் கேட்டுவிடுமோ என்று பயந்தேன்.

முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

"நல்ல விசயமுங்க மேடம். அந்தம்மா யாரோ, நொம்ப நல்லாச் சொல்லியிருக்குது" என்றார். கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனைக்காதீங்க... நீங்கதான் படிக்கறப்ப மூச்சை எங்க விடோணும்னு கொஞ்சம் பழகிக்கோணும்."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. அக்காவிடம் சொன்னபோது சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அடுத்த வாரமே அவருக்குப் போன் வந்தது. இறங்கிப் போய்ப் பாடிவிட்டு வந்தார்.

அந்த எஸ்டேட் பெண்களில் ஒன்பது பேர் இப்போது நிஜமாகவே சம்மதித்திருக்கிறார்கள். மூன்று பேர் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதில் மாமியாருக்குப் பயந்தவளும் ஒருத்தி. அந்த மூன்று 'முடியாது'வும் கிடைத்த அன்றுதான் மற்ற ஒன்பது கையெழுத்தின் மீதும் எனக்கு நம்பிக்கை வந்தது. சின்னசாமி அண்ணன் மட்டும் கோபத்தில் இருக்கிறார். "முப்பது வருசமா அடிக்கறேன், எம் பேரை வெட்டிப்போட்டு என்னங்க ஆராய்ச்சி?" என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான். அதனால் இங்கே அவர் பெயரும் ஊரும் அவர் விருப்பப்படியே வந்திருக்கின்றன. போன் நம்பரையும் போடச் சொன்னார். அதற்குப் பத்திரிகை ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தப் பத்தியை அனுப்புவதற்கு முன் அக்காவுக்கு முழுதும் வாசித்துக் காட்டினேன், இந்த முறை நிதானமாக. யார் வாசித்தாலும் அடையாளம் தெரியாதபடி எதை மாற்ற வேண்டும் என்று அவரே சொன்னார், மாற்றினேன். இரண்டு வரிகளை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

நான் இதுவரை எழுதியதிலேயே நல்ல வரிகள் அந்த இரண்டும்தான். நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.